ரகசியம் யாருக்கு முதலில் தெரியும்? சிக்கலான காதல் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் ‘புதிய பறவை’ ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் படத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. “ஆச்சி, வந்திருக்கிற அந்தம்மா நெசமாவே அவர் சம்சாரமா, இல்லையா? சொல்லிருங்க” என்று கெஞ்சினேன். “சொன்னா உனக்கு ஒரு படம் போச்சு. பேசாம பாரு” என்றார் ஆச்சி. அவர் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தவரோ தெரியாது. அன்றைக்குக் கடைசி அரைமணி நேரம் அவர் திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரகசியம் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர், நடுவில் ஒரு படம். இந்த வகைப் படங்களின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

காதல், அதில் ஒளித்துவைத்த ஒரு விஷயம், விட முடியாத ஒரு பிடிப்பு. இந்த மூன்றும் சேர்ந்த படங்களைப் பார்க்க ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர் பெற்ற ஏதோ ஒரு படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, “எல்லாரும் கொண்டாடுகிறார்களே, எனக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை” என்று நினைத்தவர்களுக்கும்தான். பெரும்பாலும் படத்திலும் கோளாறு இருக்காது, உங்களிடமும் இருக்காது. பார்த்த வரிசைதான் தவறியிருக்கும். கீழே நான் சொல்லும் வரிசையில் வாரம் ஒரு படம் வைத்துக்கொண்டால் இரண்டு மாதம் ஆகும். எந்தப் படத்தின் ரகசியத்தையும் இங்கே உடைக்க மாட்டேன்.

முதலில் ஒரு கேள்வி

திரில்லர் என்று நினைத்து உட்கார்ந்தால் இந்தப் படங்கள் மெதுவாகத் தெரியும். காதல் படம் என்று உட்கார்ந்தால் மனசு கனத்துப்போகும். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு உட்காருங்கள்: இந்த நிமிடத்தில் ரகசியம் யாருக்குத் தெரியும்? அவனுக்கா, அவளுக்கா, எனக்கா?

இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் இதை விளக்கச் சொன்ன உதாரணம் சினிமாக்காரர்கள் நடுவில் பிரபலம். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், மேசைக்கு அடியில் குண்டு இருக்கிறது. நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. அதே குண்டை யாரோ வைப்பதை நாம் முன்பே பார்த்துவிட்டால், அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடம் நம்மை நெளியவைக்கும். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்ஸ்வா த்ரூஃபோ எடுத்த நீண்ட பேட்டியில் இதைச் சொன்னார். காதல் படத்தில் குண்டு இருக்கும் இடத்தில், ஒருவர் இன்னொருவரிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு வாக்கியம் இருக்கும். அது யாருக்கு எப்போது தெரிகிறது என்பதை வைத்துத்தான் நான் இந்தப் படங்களை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

உட்காரும் முன்

ட்ரெய்லர் பார்க்காதீர்கள். கதைச் சுருக்கம் படிக்காதீர்கள். நடிகர் பெயரைத் தேடப் போனால்கூட முடிவு கண்ணில் பட்டுவிடுகிறது. தேடல் எல்லாம் படம் முடிந்தபிறகு இருக்கட்டும்.

டப்பிங் வேண்டாம், மூலக் குரலோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். இது பெருமைக்காகச் சொல்வதில்லை. மறைப்பவரின் குரல் ஒரு நொடி தடுமாறும், அந்தத் தடுமாற்றம்தான் கதை. டப்பிங்கில் முதலில் காணாமல் போவது அதுதான்.

ஒரே இருப்பில் பார்க்கப் பாருங்கள். ‘ரெபேக்கா’, ‘வெர்டிகோ’ இரண்டும் இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். ராத்திரி 11 மணிக்குத் தொடங்கும் படங்கள் இல்லை இவை. நான் வெர்டிகோவை முதன்முதலில் வேலை முடிந்து வந்த களைப்பில் நள்ளிரவில் போட்டு, கதாநாயகன் காரில் பின்தொடரும் இடத்தில் தூங்கிவிட்டேன். எழுந்து மிச்சத்தைப் பார்த்துவிட்டு, படம் சரியில்லை என்று முடிவு கட்டினேன். மறுபடி அதைத் தொட இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். விமர்சனம் எழுத வேண்டாம். ஏதாவது ஒன்று உங்களுக்குத் தெரியவரும்போது எத்தனையாவது நிமிடம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: புதிய பறவை

நம் மொழியிலிருந்து தொடங்குவோம். 1964-இல் வந்த வண்ணப்படம். இயக்கம் தாதா மிராசி, தயாரிப்பு சிவாஜி கணேசனின் சொந்த நிறுவனம். கப்பலில் ஊர் திரும்பும் கோபால், வழியில் லதாவைச் சந்திக்கிறான், காதல் வளர்கிறது. முதல் மனைவி சித்ரா இறந்துபோனாள் என்று அவளிடம் சொல்கிறான். கல்யாணப் பேச்சு கூடிவரும் நேரத்தில் ஒரு பெண் வந்து, “நான்தான் சித்ரா” என்று நிற்கிறாள். சிவாஜி, சரோஜாதேவி, சௌகார் ஜானகி, எம்.ஆர். ராதா என்று நால்வரும் ஒரே வீட்டுக்குள்.

இந்தக் கதை வந்த பாதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1958-இல் வந்த ‘சேஸ் எ க்ரூக்ட் ஷேடோ’ என்ற பிரிட்டிஷ் படத்தில் திரும்பி வருவது இறந்துபோன அண்ணன். 1963-இல் வங்காளத்தில் உத்தம் குமார் நடித்த ‘சேஷ் அங்கா’வில் அந்த அண்ணன் மனைவியாகிவிட்டாள். அங்கிருந்துதான் கதை தமிழுக்கு வந்தது. அண்ணனா இல்லையா என்பது சொத்து சம்பந்தப்பட்ட புதிர். மனைவியா இல்லையா என்று கேட்டவுடன் படுக்கையறையும் பழைய சண்டைகளும் யாரும் பார்க்காத ராத்திரிகளும் அந்தப் புதிருக்குள் வந்துவிடுகின்றன. உறவை மாற்றியதில் முழுப் படத்தின் சூடும் மாறிப்போனது.

பார்க்கும்போது பாட்டுகளைத் தள்ளிவிட்டு ஓட்டாதீர்கள். வெளிநாட்டுப் படத்தில் மறைப்பவனுக்கு முகம் மட்டும்தான் இருக்கிறது. நம் படத்தில் பாட்டும் இருக்கிறது. வாயால் சொல்ல முடியாதது பாட்டில் கசிந்துவிடும். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ இந்தப் படத்தில் இரண்டு முறை வருகிறது, பி. சுசீலாவின் குரலில், ஒருமுறை மயக்கமாக, ஒருமுறை சோகமாக. மெட்டு ஒன்று, பல்லவியும் அதேதான். ஆனால் முதல் முறை கேட்கும்போது அது அழைப்பு, இரண்டாவது முறை அதையே குற்றச்சாட்டு மாதிரிக் கேட்கிறோம். இடையில் நமக்குத் தெரியவந்த விஷயங்கள் செய்த வேலை அது. ‘எங்கே நிம்மதி’யையும் அப்படிக் கேளுங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி அத்தனை வாத்தியங்களை அடுக்கியது ஒரு மனிதனின் தலைக்குள் நடப்பதை வெளியே கொண்டுவரத்தான்.

நோட்டில் இரண்டு நேரங்களைக் குறியுங்கள். கோபால் சொல்வதை எதுவரை முழுசாக நம்பினீர்கள்? வந்தவள் சொல்வதை எப்போது நம்பத் தொடங்கினீர்கள்? குடும்பத்தோடு பார்த்தால் ஆளுக்கு ஒரு நேரம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய வாக்குவாதமாகவே ஆனது.

படி 2: ரெபேக்கா

1940. ஹிட்ச்காக் அமெரிக்கா போய் எடுத்த முதல் படம், சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. கறுப்பு வெள்ளை என்று தயங்க வேண்டாம், பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். தொடக்கம் மான்டி கார்லோவில் கலகலப்பான காதல் கதைபோலப் போகும். பொறுமையாக இருங்கள், அந்தப் பெரிய வீட்டுக்குப் போனபிறகு காற்றே மாறிவிடும்.

புதிய பறவையில் முதல் மனைவி என்று ஒருத்தி வந்து நின்றாள். இங்கே முதல் மனைவி ரெபேக்கா இறந்துவிட்டாள், படம் முழுக்க அவள் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. இரண்டாவதாக வாழவந்த பெண் பெரும்பாலான காட்சிகளில் இருக்கிறாள், ஆனால் அவளுக்குப் பெயரே கிடையாது. இந்த ஓர் ஏற்பாட்டிலேயே அந்த வீட்டில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. கைக்குட்டை, தலையணை உறை, கடிதத் தாள் என்று எங்கே திரும்பினாலும் இறந்தவளின் பெயரின் முதல் எழுத்து. அதையெல்லாம் எண்ணிக்கொண்டே போங்கள்.

வீட்டு நிர்வாகி மிஸஸ் டான்வர்ஸ் நடந்து வருவதைக் கேமரா பெரும்பாலும் காட்டாது. திரும்பினால் நிற்பார். ஹிட்ச்காக் வேண்டுமென்றே அப்படி வைத்தார். இந்தப் படத்தின் உண்மையான வெறி கணவனுடையது இல்லை, இந்த அம்மாளுடையது என்று நான் நினைக்கிறேன். இறந்தவளின் உடைகளை அவர் எடுத்துக்காட்டும் காட்சியை அவசரப்படாமல் பாருங்கள்.

பின்பாதியில், கடற்கரையோரக் குடிலில் ஒருவர் பழைய சம்பவம் ஒன்றைச் சொல்வார். வேறு இயக்குநர் என்றால் ஃப்ளாஷ்பேக் போயிருப்பார். ஹிட்ச்காக் போகவில்லை. சொல்பவர் சொல்லச் சொல்ல, அன்றைக்கு அவள் எழுந்து நடந்த இடத்தையெல்லாம் கேமரா காலியான அறையில் பின்தொடர்கிறது. அங்கே யாரும் இல்லை, ஆனால் ஆள் இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

இங்கே ரகசியம் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டே நாமும் நடக்கிறோம். அவளுக்குத் தெரியும்போதுதான் நமக்கும் தெரிகிறது. இதைப் பழகிக்கொண்டால் அடுத்த படத்துக்குத் தயார்.

படி 3: வெர்டிகோ

இந்த வரிசையின் நடுத்தூண். 1958, இயக்கம் மறுபடியும் ஹிட்ச்காக். ஸ்காட்டி, சான் ஃப்ரான்சிஸ்கோவில் வேலையை விட்ட ஒரு துப்பறியும் போலீஸ்காரன். உயரத்தில் நின்றால் தலைசுற்றும். பழைய நண்பன் ஒருவன், “என் மனைவியின் போக்கே சரியில்லை, அவளைப் பின்தொடர்ந்து பார்” என்று கேட்கிறான். ஸ்காட்டி பின்தொடர்கிறான்.

நான் தூங்கிப்போன இடம் இதுதான். பூக்கடை, கல்லறைத் தோட்டம், ஓவியக்கூடம் என்று கார் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும், பேச்சு மிகக் குறைவு. பெர்னார்ட் ஹெர்மனின் இசை மட்டும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். முதல் முறை பார்க்கும்போது ‘எதற்கு இவ்வளவு நேரம்’ என்று தோன்றும். அந்த நேரத்தில் ஸ்காட்டிக்கு என்ன ஆகிறதோ அதுதான் நமக்கும் ஆகிறது. ஒரு பெண்ணைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பது வேலையாகத் தொடங்கி, எப்போது வேலையாக இல்லாமல் போனது? அந்த நிமிடத்தைக் குறியுங்கள். எல்லாரும் வேறு வேறு நேரம் குறிப்பார்கள், எதுவும் தப்பில்லை.

இரண்டாம் பாதியில் அவன் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். படத்தின் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் ஒரு கடிதம் எழுதப்படும். அந்தக் கடிதத்தில் ரகசியத்தை ஹிட்ச்காக் நமக்குச் சொல்லிவிடுகிறார், ஸ்காட்டிக்குச் சொல்வதில்லை. மூலக்கதையான பிரெஞ்சு நாவல் இந்த விஷயத்தைக் கடைசிவரை மறைத்துவைத்திருந்தது. படத்தில் ஏன் முன்னால் இழுத்தார்? கடைசியில் தெரிந்திருந்தால் “ஓ, அப்படியா” என்று கேட்டுவிட்டு எழுந்து போயிருப்போம். முன்பே தெரிந்துவிட்டதால் மிச்சப் படம் முழுக்க நாம் அவளோடு உட்கார வேண்டியிருக்கிறது. அவன் அவளைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போய், இந்தச் சாம்பல் நிற உடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பான். முடியின் நிறத்தை மாற்றச் சொல்வான். அவள் கேட்பது ஒன்றுதான், என்னை நானாக விரும்ப மாட்டாயா என்று. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் அந்தத் துணிக்கடைக் காட்சி தாங்க முடியாததாக ஆகிறது. இவ்வளவு குரூரமான கடைக்காட்சியை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை, இத்தனைக்கும் அதில் யாரும் கையை ஓங்குவதுகூட இல்லை.

பச்சை நிறத்தைக் கவனியுங்கள், அது எப்போதெல்லாம் வருகிறது, யாரோடு வருகிறது என்று. அப்புறம் மிட்ஜ். கண்ணாடி போட்ட, வேடிக்கையாகப் பேசும் தோழி. படத்தில் ஸ்காட்டியை உண்மையிலேயே நேசிக்கும் ஒரே ஆள் அவள்தான். ஒரு கட்டத்தில் நீளமான நடைவழி ஒன்றில் நடந்து போவாள், அதன்பிறகு படத்தில் அவள் வருவதில்லை. அவள் போனதைக் கவனித்தீர்களா என்று படம் முடிந்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்த புதிதில் இந்தப் படம் பெரிதாக ஓடவில்லை, பிறகு நெடுங்காலம் திரைக்கே வராமல் கிடந்தது. 2012-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை எடுத்த விமர்சகர் வாக்கெடுப்பில் ‘சிட்டிசன் கேன்’ படத்தைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. 2022-இல் இரண்டாவது இடம். ஆகவே முதல் முறை பார்த்துப் பிடிக்காமல் போனால் கவலைப்பட வேண்டாம். ஒரு மாதம் விட்டு மறுபடி பாருங்கள்.

படி 4: படம் யார் பக்கம் நிற்கிறது?

வெர்டிகோ பார்த்த கையோடு நம் படங்களுக்குத் திரும்பி வாருங்கள். பெண்ணைப் பின்தொடர்வது காதல் என்று சொல்லிக்கொடுத்த பல நூறு படங்களில் வளர்ந்தவர்கள் நாம். பேருந்து நிறுத்தம், கல்லூரி வாசல், வீட்டுத் தெரு என்று அவன் பின்னாலேயே போவான், அவள் மூன்று முறை முறைப்பாள், நான்காவது முறை சிரிப்பாள், பாட்டு வரும். வெறியைக் காட்டும் படத்துக்கும் வெறிக்குக் கைதட்டும் படத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இந்த வகைப் படங்களுக்குள் போகக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். திரையில் கைதட்டியது தெருவில் பல பெண்களின் நிம்மதியைக் கெடுத்திருக்கிறது.

நான் மூன்று விஷயம் பார்ப்பேன். அவன் இல்லாத ஒரு காட்சியாவது அவளுக்கு இருக்கிறதா? அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னபிறகு கேமரா யார் முகத்தில் நிற்கிறது? அந்த இடத்தில் இசை யாருக்காக வாசிக்கிறது?

‘மூன்றாம் பிறை’யில் பழகிப் பாருங்கள். 1982, பாலு மகேந்திரா. விபத்தில் நினைவு தவறிக் குழந்தைபோல ஆகிவிட்ட விஜியை, சீனு அழைத்துவந்து பார்த்துக்கொள்கிறான். ரகசியம் இங்கே விசித்திரமாகப் பிரிந்திருக்கிறது. அவள் யார் என்பது அவளுக்கே தெரியாது, அவனுக்குத்தான் கொஞ்சம் தெரியும். நடிப்புக்காகக் கமல்ஹாசனுக்கும் ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது கிடைத்தது, அந்த மலைப் பனியைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். முதல் முறை எல்லாரும் சீனுவுக்காக அழுதோம், நானும் அழுதேன். இரண்டாவது முறை விஜியின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவளைத் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோரின் பக்கத்திலும் உட்காருங்கள். அழுகை குறையாது, ஆனால் வேறு மாதிரி வரும்.

‘குணா’ இன்னும் கடினம். 1991 தீபாவளிக்கு வந்தது, இயக்கம் சந்தான பாரதி. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படத்தில் ‘கண்மணி அன்போடு’ கேட்டுவிட்டு இதைத் தேடி வருகிற இளைஞர்கள் நிறைய. மனநலம் குன்றிய ஒருவன், ஒரு பெண்ணைத் தன் அபிராமி என்று நம்பிக் கொடைக்கானல் குகையில் கொண்டுபோய் வைக்கிறான். எனக்கு உயிரான படம், ஆனாலும் சொல்ல வேண்டும். இளையராஜாவின் இசை அவளுக்கு முன்பே வந்து நம்மை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறது. அவள் பயம் கேட்க வேண்டிய இடத்தில் அவன் தவிப்புதான் கேட்கிறது. படத்தை நேசித்துக்கொண்டே இதைக் கவனிக்கலாம், இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

வெறி எப்போதும் ஆணிடம்தானா என்று கேட்பவர்களுக்கு ‘அடெல் எச்-சின் கதை’. 1975, ஹிட்ச்காக்கைப் பேட்டி எடுத்த அதே த்ரூஃபோவின் படம். எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் மகள் அடெல், தன்னைக் கைவிட்ட ஒரு ராணுவ அதிகாரியைத் தேடி 1863-இல் கடல் தாண்டிக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் வரை போனது நிஜமாக நடந்தது. அவர் எழுதிய நாட்குறிப்பிலிருந்து பிறந்த படம். அடெலாக நடித்த இஸபெல் அட்ஜானிக்கு அப்போது இருபது வயதுதான். காதலிக்கப்படுகிறவரே தேவையில்லை என்ற நிலைக்குக் காதல் போய்ச்சேர்வதை அந்த முகத்தில் பார்க்கலாம்.

படி 5: சொல்லாமலே போனது

இதுவரை பார்த்தவற்றில் ரகசியம் எங்கோ ஓரிடத்தில் உடைந்தது. இனி உடையாத ரகசியங்கள். இங்கேதான் புதியவர்கள் பலர் “ஒண்ணுமே நடக்கலையே” என்று விட்டுவிடுகிறார்கள்.

சத்யஜித் ராயின் ‘சாருலதா’வை முதலில் பாருங்கள். 1964, தாகூரின் கதை. 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் ஒரு பணக்கார வீடு, பத்திரிகை நடத்தும் கணவன், பொழுது போகாத மனைவி. தொடக்கத்தில் சில நிமிடங்கள் கிட்டத்தட்ட வசனமே இல்லை. அவள் கையில் ஒரு சிறிய தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். கணவன் புத்தகம் படித்துக்கொண்டே அவளைக் கவனிக்காமல் கடந்து போகிறான். அவனையும் அதே தொலைநோக்கியால் பார்க்கிறாள். பக்கத்தில் நிற்கும் கணவனைத் தூரத்து ஆளைப் பார்ப்பதுபோல. பிறகு கணவனின் தம்பி முறையான அமல் வருகிறான். இந்தத் தொடக்கத்தை மட்டும் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு மேலே போனாலும் தகும்.

அப்புறம் ‘இன் த மூட் ஃபார் லவ்’. வாங் கார்-வாய், 2000. 1962-இன் ஹாங்காங், நெருக்கமான வாடகை அறைகள். பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடிவரும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தங்கள் கணவனும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் தொடர்பில் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் துரோகம் செய்த இருவரின் முகமும் நமக்குக் காட்டப்படுவதே இல்லை. “இது எப்படித் தொடங்கியிருக்கும்?” என்று இவர்கள் இருவரும் நடித்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள். எது ஒத்திகை, எது நிஜம் என்று ஒரு கட்டத்தில் நமக்குக் குழம்பும். குழம்பட்டும்.

நடைமுறையில் ஒரு உதவி: அந்தப் பெண்ணாக நடிக்கும் மேகி ச்யூங் உடுத்தும் கழுத்து உயர்ந்த சீன உடையைக் கவனியுங்கள். உடை மாறினால் நாள் மாறிவிட்டது. ஒரே படிக்கட்டு, ஒரே நூடுல்ஸ் தூக்கு, ஆனால் வேறு உடை. அப்படிப் பார்த்தால் எத்தனை வாரங்கள் ஓடிவிட்டன, அவர்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது உறைக்கும். அண்டை வீட்டாரின் காதுக்குப் பயந்து வாழ்வது என்றால் என்ன என்று நம் ஊர் லைன் வீடுகளிலும் ஸ்டோர் வீடுகளிலும் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடைசியில் கம்போடியாவின் அங்கோர் வாட் வரும். ஏன் அங்கே என்று யாரிடமும் கேட்காதீர்கள், படமே சொல்லும்.

படி 6: டிசிஷன் டு லீவ்

2022, பார்க் சான்-வூக், கொரியா. கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற படம். மலையிலிருந்து விழுந்து ஒருவர் இறக்கிறார், தூக்கம் வராத துப்பறிவாளர் ஒருவர் இறந்தவரின் மனைவியைச் சந்தேகித்துக் கண்காணிக்கிறார். வெர்டிகோ பார்த்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமாகத் தெரியும். தொலைநோக்கியில் அவளைப் பார்க்கும்போதே அவர் அவள் அறைக்குள் நிற்பதுபோலப் படம் காட்டும். மனசு போன இடத்துக்கு உடலையும் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார் இயக்குநர்.

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நேரம் முன்னும் பின்னும் தாவும், செல்போனும் குரல் பதிவும் ரகசியத்தைச் சுமக்கும், முன்பயிற்சி இல்லாமல் பார்த்தால் சிதறிவிடும். டப்பிங் கூடவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கதாநாயகி சீனாவிலிருந்து வந்தவள், அவள் பேசும் கொரிய மொழி புத்தகத்தில் படித்த மாதிரி இருக்கும், முக்கியமான நேரத்தில் சீன மொழியில் பேசிவிட்டு செல்போனை மொழிபெயர்க்கச் சொல்வாள். அவள் சொன்னதற்கும் இயந்திரம் சொன்னதற்கும் நடுவில் அவர் காத்திருக்கும் சில நொடிகளில்தான் காதல் இருக்கிறது. வன்முறையும் பெரியவர்களுக்கான விஷயங்களும் உண்டு, குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.

இரண்டாம் முறை, யாரோடு

எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. புதிய பறவை, வெர்டிகோ இரண்டையும் கட்டாயம் பாருங்கள். ரகசியம் தெரிந்தபிறகு சிவாஜி தயங்கும் ஒவ்வொரு இடமும் வேறு பொருள் தரும். முதல் முறை மிகையாகத் தெரிந்த நடிப்பு, ஒரு கதாபாத்திரம் இன்னொருவர் முன்னால் நடிக்கும் நடிப்பாகத் தெரியத் தொடங்கும்.

உங்களை யாராவது பின்தொடர்ந்து தொல்லை செய்திருந்தால், அல்லது உங்களைக் கட்டுக்குள் வைத்திருந்த ஓர் உறவிலிருந்து வெளியே வந்திருந்தால், வெர்டிகோவின் இரண்டாம் பாதியும் குணாவும் பழையதைக் கிளறிவிடும். தனியாகப் பார்க்காதீர்கள், முடியாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுங்கள். படம் எங்கேயும் போய்விடாது.

நண்பர்களுக்குச் சொல்லும்போது ரகசியம் என்ன என்று சொல்லாமல், எப்போது வெளிவரும் என்று மட்டும் சொல்லுங்கள். “மூன்றில் இரண்டு பங்கு வரை பொறு” என்பது போதும். முடிந்தால் அவர்களோடு உட்கார்ந்து, கடைசி அரைமணி நேரம் திரையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

இதற்கு மேல் போக விரும்பினால், ரெபேக்கா பிடித்தவர்கள் அதே கதையைத் தழுவி வஹீதா ரஹ்மான் நடித்த ‘கோஹ்ரா’ என்ற 1964-ஆம் ஆண்டு இந்திப் படத்தைப் பாருங்கள், அங்கே அந்தப் பெரிய வீட்டுக்குள் பாட்டும் வந்துவிடும். இன் த மூட் ஃபார் லவ் பிடித்தவர்களுக்கு ‘2046’, அதே இயக்குநர், அதே ஆண் சில வருஷம் கழித்து. வெர்டிகோவின் துணிக்கடைக் காட்சியிலேயே மாட்டிக்கொண்டவர்கள் 2017-இல் வந்த ‘ஃபேன்டம் த்ரெட்’ பக்கம் போகலாம். அதில் உடை தைப்பவர் ஓர் ஆண், உடுத்துபவள் ஒரு பெண், ஆனால் இந்த முறை அவள் சும்மா நிற்க மாட்டாள்.